குளிசை முடிந்துவிட்டதென்று யாரிடம் சொல்வது?

(சென்ற ஐப்பசியில் எமது சபை மண்டபத்தில் நடந்த பெண்கள் ஐக்கிய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சின் பின் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கான பதில்களும் சேர்த்து, மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



பேசத் தொடங்குமுன் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்தேன். "பத்து நிமிடத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். ஒரு பைதான் கொண்டு போகலாம். எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். இருபத்துமூன்று கடதாசிகள் வந்தன. பதினேழு பேர் கைத்தொலைபேசி என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் சார்ஜரையும் மறக்கவில்லை. ஒருவர் கரடிப் பொம்மை. இருவர் கடவுச்சீட்டு. ஒருவர் வேதாகமம் என்று எழுதியிருந்தார். அவருடைய அம்மா பக்கத்தில்தான் இருந்தார். ஒரேயொரு பிள்ளை மட்டும் "அம்மம்மாவின் இன்சுலின்" என்று எழுதியிருந்தது.

அந்தக் கடதாசியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஏனென்றால் என் அம்மம்மாவின் குளிசையை எடுக்க வேண்டுமென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் உடனே வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். உங்களில் பலருக்கு அந்த இரவை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் அதே மழையில் நனைந்தவர்கள். எங்கள் வீட்டில் காணி உறுதி எடுத்தோம். அம்மாவின் நகைகள், என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு சாக்கு அரிசி, இரண்டு சட்டி பானை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் பிடித்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் விறாந்தையில் இடம் கிடைத்தது.

அம்மம்மாவின் பிரஷர் குளிசைகள் அலுமாரியின் மேற்தட்டில், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருந்தன. அவை அங்கேயே இருந்துவிட்டன. அம்மம்மா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் அவவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. கொஞ்சம் பேச முடிந்தபோது அம்மா அழுதழுது கேட்டா: "ஏனம்மா சொல்லேல்லை?" அதற்கு அவ சொன்னது: "எல்லாரும் சோத்துக்கு அலையேக்கை நான் குளிசை கேக்கிறதோ?"

பிறகு நான்கு வருடம் படுக்கையில் இருந்துதான் அவ காலமானா. நான் தாதியானதற்கு அது ஒரு காரணம். இன்றைக்கு இந்தத் தலைப்பைத் தெரிந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம்.

இந்த நாட்டில் தாதியர் பயிற்சி முடித்து, கடந்த பதினான்கு வருடமாக எச்.ஐ.வி. கிளினிக்கில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "வைத்தியசாலையில்" என்று மட்டும் சொல்லி நானே பல வருடம் தப்பித்திருக்கிறேன். இன்று தப்பிக்காமல் பேசுகிறேன். புயல், வெள்ளம், போர், நிலநடுக்கம் வரும்போது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு என்ன நடக்கிறது, அப்போது என்ன செய்யவேண்டும், அதில் நமக்கு என்ன பங்கு என்பவைதான் என் விடயங்கள்.

முதலில் பிள்ளைகளுக்கு. எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். நம் உடலைத் தொற்றுநோய்களிலிருந்து காக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்களுக்குள் புகுந்து, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். மருந்தில்லாமல் விட்டால் சில வருடங்களில் உடலுக்கு எதிர்த்து நிற்கும் சக்தி போய்விடும். அந்த நிலையைத்தான் எயிட்ஸ் என்கிறோம். குருதி, தாய்ப்பால், உடலுறவு, மருந்தேற்றும் ஊசி, கர்ப்பம், பிரசவம் ஆகிய வழிகளில்தான் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். கட்டிப்பிடித்தால் வராது. ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் வராது. நுளம்பு கடித்து வராது. ஒரே கழிவறையைப் பாவித்தும் வராது.

இப்போது நல்ல மருந்து உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரேயொரு குளிசை போதும். மூன்று மருந்துகள் அந்த ஒரு குளிசைக்குள் இருக்கின்றன. ஒழுங்காக எடுத்தால் குருதியில் வைரசின் அளவு மிகக் குறைந்து, பரிசோதனையிலேயே தெரியாத நிலைக்கு வரும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. அவர் வேலைக்குப் போகலாம், கலியாணம் கட்டலாம், சுகமான பிள்ளைகளைப் பெறலாம், பேரப்பிள்ளைகளையும் காணலாம். இந்த நாட்டில் என் கண்ணால் காண்பதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் குளிசை வைரசை உடலிலிருந்து துடைத்தெடுப்பதில்லை, அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் சில கிழமைகளில் வைரஸ் திரும்பவும் பெருகும். விட்டுவிட்டு எடுத்தால் அந்த மருந்துக்கு அசையாத வைரசாகவும் அது மாறக்கூடும். ஆகவே இந்த நோயைப் பொறுத்தவரை மிகப் பெரிய ஆபத்து மருந்து அறுபடுவது. புயலும் போரும் செய்வது அதைத்தான்.

ஒரு உண்மையான இடத்தைச் சொல்கிறேன். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் மொசாம்பிக் என்ற நாடு. அதன் துறைமுக நகரம் பெய்ரா. ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள். 2019 மார்ச் 14ஆம் திகதி இரவு இடாய் என்ற புயல் அந்த நகரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. கூரைகள் பறந்தன. பிறகு புங்வே, பூசி என்ற இரண்டு ஆறுகளும் பெருகி, வயல்களும் கிராமங்களும் ஒரு கடல் போலாகின. மக்கள் மரங்களிலும் கூரைகளிலும் நாட்கணக்கில் இருந்தார்கள். மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெய்ராவுக்குப் போகும் பெருஞ்சாலை அறுந்தது. வைத்தியசாலைக் கட்டடங்களும் சேதமாகின.

அந்த நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவர் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர். நமது மண்டபத்தில் வளர்ந்தவர்கள் எண்பது பேர் இருக்கிறோம் என்று வையுங்கள். பத்துப் பேர். ஒவ்வொரு கூடாரத்திலும், ஒவ்வொரு பள்ளிக்கூட வகுப்பறையிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

புயலுக்கு இரண்டு கிழமைக்குள் வாந்திபேதி வந்தது. வாந்திபேதியை எல்லோரும் காண்பார்கள். அது ஆளை ஒரு நாளில் விழுத்தும். ஆகவே உலகம் விரைந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் 8 இலட்சம் பேருக்கு மேல் வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அது பெரிய காரியம், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் குளிசை வெள்ளத்தோடு போனவர் அன்றைக்கே விழமாட்டார். அடுத்த கிழமையும் விழமாட்டார். வெளியே பார்த்தால் மற்றவர்களைப் போலத்தான் வரிசையில் நிற்பார், அரிசி வாங்குவார், பிள்ளைக்குக் கொடுப்பார். உள்ளே வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். அவர் நோயாளியாகத் தெரியும் நாளில் புகைப்படக்காரர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்.

சரி, அவர் போய்க் கேட்கலாமே என்பீர்கள். முகாமை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் இடையில் ஒரு சேலைத் திரை. முதலில், அவருடைய கிளினிக் அட்டை நனைந்து கிழிந்துவிட்டது. என்ன மருந்து எடுத்தார் என்ற பதிவுப் புத்தகமும் வைத்தியசாலையில் நனைந்திருக்கும். இரண்டாவது, மருந்து கொடுக்கும் மேசை எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும். அந்த மேசைக்கு முன்னால் நின்றால் முகாம் முழுக்கத் தெரிந்துவிடும். புருசனுக்கே சொல்லாத பெண்கள் இருப்பார்கள். தாய்க்குச் சொல்லாத மகன் இருப்பான். எல்லாரும் சோத்துக்கு அலையும்போது குளிசை கேட்க என் அம்மம்மா கூச்சப்பட்டா. இவர்களுக்கு அந்தக் கூச்சத்தோடு பயமும் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் என்ன செய்கிறார்கள்? பெய்ராவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் தாய்மாரே சேர்ந்து இயங்கும் சங்கங்கள் புயலுக்கு முன்பே இருந்தன. மருந்தெடுக்க வராத தாய்மாரையும் பிள்ளைகளையும் வீடு வீடாகத் தேடிப்போவது அவர்களின் வேலை. புயல் வந்தபின் வீடில்லை. கூடாரம் கூடாரமாகத் தேடினார்கள். அவர்களில் பலருடைய சொந்த வீட்டுக்கும் கூரை இல்லை. ஒரு தாய் இன்னொரு தாயின் பாயில் போய் இருந்து, ஊர்க்கதை கதைத்து, மெல்ல "குளிசை இருக்கிறதா?" என்று கேட்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இந்த வேலையை ஹெலிகொப்டரால் செய்ய முடியாது.

இன்னோர் இடம் கென்யா. 2007 டிசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு அங்கே கலவரம் மூண்டு, 1,100 பேருக்கு மேல் கொல்லப்பட்டு, ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் எல்டொரெட் நகரமும் ஒன்று. அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் எச்.ஐ.வி. மருந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வீதித் தடைகளைத் தாண்டி அவர்கள் கிளினிக்குக்கு வர முடியவில்லை. அப்போது வானொலியில் அறிவித்தார்கள். அழைத்துக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். மருந்தோடு முகாம்களுக்குப் போனார்கள். வானொலியின் நன்மையைக் கவனியுங்கள்: அது எல்லோருக்கும் பொதுவாகப் பேசும். கேட்பவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

முன்பெல்லாம் பேரிடர் என்றால் தண்ணீர், சாப்பாடு, கூடாரம், தடுப்பூசி என்றுதான் உதவி நிறுவனங்கள் நினைத்தன. எச்.ஐ.வி. பிறகு பார்க்கும் விடயமாக இருந்தது. 1994இல் றுவாண்டாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் அகதிகளான காலத்திற்குப் பிறகு அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. 1995இல் பல அமைப்புகள் ஒன்றுகூடி, பேரிடரின் முதல் நாட்களிலேயே பெண்களுக்கும் தாய்மாருக்கும் செய்யவேண்டிய குறைந்தபட்சப் பணிகளைப் பட்டியலிடத் தொடங்கின. எச்.ஐ.வி. தடுப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2003இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, பேரிடரில் எச்.ஐ.வி. பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. அதிலுள்ளவை பெரிய விஞ்ஞானம் அல்ல. எங்கள் சமையலறையில் ஒட்டிவைக்கக்கூடிய அளவுக்குச் சுலபமானவை.

முதலாவது, குருதி. காயப்பட்டவர்களுக்கு அவசரமாகக் குருதி ஏற்றும்போது, எவ்வளவு அவசரமானாலும் ஒவ்வொரு பையும் பரிசோதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, கையுறை, புதிய ஊசி, பாவித்த ஊசியைப் போடுவதற்கு ஒரு கெட்டியான பெட்டி. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் ஊசி குப்பையில் விழும். குப்பையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். மூன்றாவது, ஆணுறை. சபை மண்டபத்தில் இந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்று முகம் சுளிக்க வேண்டாம். முகாமிலும் கணவனும் மனைவியும் கணவனும் மனைவியுமாகத்தான் இருக்கிறார்கள். நான்காவது, ஏற்கனவே மருந்து எடுப்பவருக்கு அட்டை இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்பது. "என்ன நிறம், எவ்வளவு பெரிது, நாளுக்கு எத்தனை?" என்று கேட்டே பலநேரம் கண்டுபிடித்துவிடலாம். புயல் வரும் என்று முன்னரே தெரிந்தால், சில மாதத்துக்கான குளிசையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடலாம்.

ஐந்தாவதை வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவதென்பதைப் பெற்றோர் தீர்மானியுங்கள். எங்கே சட்டம் ஒழுங்கு குலைகிறதோ அங்கே பெண்களுக்கும் சிறுமியருக்கும் தீங்கு செய்கிறவர்கள் வெளிக்கிடுவார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் அது நடப்பதுண்டு. அப்படி நடந்துவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. 28 நாள் தொடர்ந்து எடுத்தால் எச்.ஐ.வி. தொற்றுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எழுபத்திரண்டு மணித்தியாலம் என்றால் மூன்று நாள். எங்கள் பெண்கள் இப்படிப்பட்ட விடயத்தை மூன்று நாளில் யாரிடமாவது வாய்திறந்து சொல்லியிருப்பார்களா? சிலர் முப்பது வருடமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மருந்தைக் கூடாரத்தில் வைத்தால் போதாது. பழி சொல்லாமல் கேட்கும் ஒரு காதும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன்னதாக, கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சமும் கதவுக்கு உட்புறம் ஒரு கொழுக்கியும் இருந்தால் பல தீங்குகள் நடக்கவே நடக்காது. ஒரு கொழுக்கி எவ்வளவு விலை?

ஆறாவது, தாயும் குழந்தையும். சிகிச்சை ஒன்றுமே இல்லாவிட்டால் எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரையானவர்களுக்குத் தொற்றலாம். தாய் மருந்தெடுத்து, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கும். இந்த நாட்டில் ஒன்றுக்கும் கீழே. ஆகவே முகாமில் ஒரு கர்ப்பிணியின் குளிசை அறுபட்டால் இரண்டு உயிருக்கு ஆபத்து.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது நான் தாதியர் மாணவி. நாங்கள் எல்லோரும் ஓடியோடிச் சேர்த்தது நினைவிருக்கும். நான் என் உதவிப்பணத்தில் குழந்தைப் பால்மா டின்கள் வாங்கி, பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பினேன். பெருமையாகவும் இருந்தது. சில வருடங்களின் பின் பேரிடர்ப் பராமரிப்பு பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. சுத்தமான தண்ணீர் இல்லாத முகாமில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தை வயிற்றோட்டத்தில் சாகும். பால்மா வந்ததும் தாய்ப்பாலைக் குறைப்பார்கள், தாய்ப்பாலும் வற்றும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கும் அப்படிப்பட்ட இடத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மருந்தெடுத்துக்கொண்டு தாய்ப்பால் கொடு என்பதே. தாய்க்கு மருந்து இல்லாமல் பால்மாவையும் தாய்ப்பாலையும் கலந்து கொடுப்பது குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து. என் டின்கள் யாருடைய வீட்டுக்குப் போயினவோ தெரியாது. அன்றிலிருந்து, அங்குள்ளவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் நான் ஒன்றும் அனுப்புவதில்லை.

இனி இந்த ஊருக்கு வருவோம். இங்கே மருந்து இலவசம். புயல் இல்லை, முகாம் இல்லை. ஆனாலும் ஒரு விடயம் என்னைத் தூங்கவிடுவதில்லை.

என் கிளினிக்கில் தமிழர் வருவார்கள். யார், ஆணா பெண்ணா, எந்த வருடம் என்று சொல்லமாட்டேன், ஒருவரல்ல, பலர். கதவைத் திறந்து உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்து, என் பெயர் அட்டையை வாசித்ததும் அவர்களின் முகம் மாறும். "வேறை நேர்ஸ் இல்லையோ?" என்று கேட்பார்கள். நான் உடனே எழும்பி வேறு தாதியைக் கூப்பிட்டு விடுவேன்; அது அவர்களின் உரிமை. ஒருவர் மட்டும் திரும்பி நின்று என்னிடம் கேட்டார்: "நீங்கள் எந்தச் சேர்ச்?"

நான் பதில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தவணைக்கு வரவில்லை. நாங்கள் தொலைபேசி எடுத்தோம், கடிதம் போட்டோம். ஏழு மாதம் கழித்து வேறொரு வைத்தியசாலையில் சிகிச்சையைத் தொடங்கினாரென்று அறிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏழு மாதம் மருந்தில்லாமல் இருந்திருக்கிறார். வெள்ளமோ போரோ அவருடைய குளிசையைக் கொண்டுபோகவில்லை. ஒரு தமிழ்ச் சபையின் பெயரைக் கேட்ட பயம் கொண்டுபோனது.

அவர் நம் சபையைச் சேர்ந்தவரா என்று யோசிக்காதீர்கள். அப்படி யோசிக்கும் பழக்கத்துக்குத்தான் அவர் பயந்தார்.

இலண்டனில், கதவு பூட்டிய அறைக்குள், சட்டப்படி இரகசியம் காக்கக் கடமைப்பட்ட ஒரு தாதியிடமே சொல்ல முடியாதவர், நாளைக்கு ஒரு வெள்ளத்தில் இந்த மண்டபத்தில் நம்மோடு பாய்விரித்துப் படுக்க நேர்ந்தால் யாரிடம் சொல்வார்? "எல்லாரும் சோத்துக்கு அலையேக்கை" என்று என் அம்மம்மா சொன்னது என் காதில் கேட்கிறது.

பிள்ளைகளே, நல்ல சமாரியன் கதை உங்களுக்குத் தெரியும். போன மாதம்தான் நடித்தீர்கள். அடிபட்டவருடைய காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினார். நாடகம் அநேகமாக அந்த இடத்தில் கைதட்டலோடு முடியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவரைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். காயம் கட்டுவது முதல்நாள் வேலை. மிச்ச நாட்களுக்கும் மருந்து அறுபடாமல் பார்த்ததுதான் அவருடைய இரண்டாவது உதவி. இன்னொன்றையும் கவனியுங்கள்: உனக்கு இது எப்படி வந்தது, இந்த நேரத்தில் இந்த வழியால் ஏன் வந்தாய் என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பேச்சின் முடிவில் ஓர் அண்ணா எழும்பிக் கேட்டார்: "தங்கச்சி, திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோமே?" அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அவருக்கு நன்றி, பலர் மனதில் இருந்ததை அவர் வெளியே கேட்டார். எச்.ஐ.வி. எச்சிலால் தொற்றாது. ஒரே பாத்திரத்தில் குடிப்பதால் தொற்றாது. போதகர் ஐயாவும் அதையே அந்த இடத்தில் எழும்பிச் சொன்னார். திருவிருந்தில் யாரும் யாருக்கும் பக்கத்தில் பயப்படாமல் முழங்காற்படியிடலாம்.

இன்னோர் அக்கா கேட்டா: "நாங்கள் இங்கேயிருந்து என்ன செய்யலாம்?" நான்கு காரியம் சொன்னேன்.

ஒன்று. இன்றைக்கே வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். கடையில் விற்கும் பெயர் அல்ல. பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். அதைப் படமெடுத்துத் தொலைபேசியில் வையுங்கள். பதினேழு பிள்ளைகள் தொலைபேசியைத்தானே எடுப்போம் என்று எழுதினார்கள். அதற்குள் அம்மம்மாவின் மருந்துப் பட்டியலும் இருக்கட்டும். கடவுச்சீட்டு இருக்கும் உறைக்குப் பக்கத்தில் இரண்டு கிழமைக் குளிசையும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை திகதி பார்த்து மாற்றுங்கள்.

இரண்டு. எங்காவது பேரிடர் என்றால் பணமாகக் கொடுங்கள். பழைய உடுப்பும் பால்மாவும் வேண்டாம். அங்கே வீடு வீடாக மருந்து கொண்டுபோகும் உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு சைக்கிள், ஒரு மழையங்கி, ஒரு தொலைபேசி அட்டை கிடைத்தால் அது பல உயிரைக் காக்கும். ஒருவருடைய எச்.ஐ.வி. குளிசைக்கு ஏழை நாடுகளில் இப்போது ஆண்டுக்கு 45 டொலர்கூடச் செல்வதில்லை. அதைவிடக் கூடுதலாகத்தான் நமது விழாவுக்குப் பூ வாங்குகிறோம்.

மூன்று. நமது மண்டபம் வெள்ளத்திலோ நெருப்பிலோ யாருக்காவது தஞ்சம் கொடுக்க நேர்ந்தால், "மருந்து வேண்டியவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. வருகிற ஒவ்வொருவரையும், பிரஷர் உள்ளவரையும் ஒன்றுமே இல்லாதவரையும், பின் அறைக்கு ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும்: "நாளைக்கு எடுக்கவேண்டிய மருந்து உங்களிடம் இருக்கிறதா?" எல்லோரும் அந்த அறைக்குப் போய்வந்தால் யார் எதற்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைச் சபைக் குழு தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறது என்பதைச் சந்தோசத்தோடு இங்கே குறிப்பிடுகிறேன்.

நான்கு. இது மிகக் கஷ்டமானது. வைத்தியசாலையில் யாரைக் கண்டோம் என்று கதைப்பதை விடுவோம். "அவவை அந்தக் கிளினிக் பக்கம் கண்டனான்" என்ற ஒரு வசனம் போதும் ஒருவரின் மருந்தை ஏழு மாதம் நிறுத்துவதற்கு. பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். யாராவது உங்களிடம் தன் நோயைச் சொன்னால், அது உங்களிடம் தந்த நகை போல. திருப்பிக் கேட்கும்வரை பூட்டி வையுங்கள், மற்றவருக்குக் காட்டாதீர்கள்.

"அம்மம்மாவின் இன்சுலின்" என்று எழுதிய பிள்ளையிடம் பிறகு போய், எப்படி அது தோன்றியது என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு, "அவதான் ஒவ்வொரு நாளும் என்னட்டைச் சொல்லுறவ, பிரிட்ஜிலை எத்தனை மிச்சமெண்டு" என்று சொன்னது. அவ்வளவுதான். அந்த வீட்டில் அம்மம்மா சொல்கிறா, பேரப்பிள்ளை கேட்கிறது. ஆகவே ஓடவேண்டிய நாளில் அந்த மருந்து வீட்டில் தங்காது.

நமது சபையும் அந்த வீட்டைப் போல ஆகவேண்டும் என்பதே என் ஜெபம். வருகிற ஆண்டிலும் கர்த்தர் நம் எல்லோரையும், நம்மிடம் இன்னும் ஒன்றும் சொல்லாமல் இருப்பவர்களையும், காத்து நடத்துவாராக. ஆமென்.